அருவிப் பசி

ஆனி பிறந்து, ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கிவிட்டால் தென்காசிப் பக்கம் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: ‘தண்ணி விழுதா?’ விழுகிறது என்ற பதில் கிடைத்ததும் குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிடும். வேன் வேனாக வந்திறங்கும் குடும்பங்கள் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்குமாகப் பிரிந்து போகும். அருவிக்கரையில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். குடும்பத்தில் ஒருவர் துண்டுகளையும் மாற்றுத்துணிப் பையையும் வைத்துக்கொண்டு கரையில் நிற்பார். மற்றவர்கள் தத்தம் செல்போன்களை அவர் கையில் திணித்துவிட்டு வரிசைக்குள் நுழைவார்கள். தண்ணீர் தலையில் அறைகிற அந்தச் சில நிமிடங்களில் பக்கத்தில் நிற்பவர் கத்துவதுகூடக் காதில் விழாது. வெளியே வந்து தலை துவட்டும்போது பெரும்பாலும் எல்லோரும் சொல்லும் முதல் சொல், ‘பசிக்குது’. குளிர்ந்த நீர் காரணம், நடை காரணம் என்று சொல்லலாம், தவறில்லை. ஆனால் செய்தி, ஃபார்வர்டு, ரீல்ஸ் எதுவும் நுழையாத அரைமணி நேரம் கிடைத்ததும் வயிறு சொல்வது காதில் விழுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பசியைக் குற்றாலத்திலேயே விட்டுவிட்டு நாம் ஊர் திரும்பிவிடுகிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

குடும்பங்கள் சரியாகச் சாப்பிடாததற்கு அறியாமைதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினோம். எடுத்துச் சொன்னால் திருந்துவார்கள் என்று சுவரில் எழுதினோம், வானொலியில் பேசினோம், பாடப்புத்தகத்தில் சேர்த்தோம். இன்று நிலைமை தலைகீழ். காலையில் கண் விழித்துப் போனைத் திறந்தால் இட்லி விஷம் என்கிறது ஒரு காணொலி. இட்லியை விட்டால் உலகில் வேறு நல்ல உணவே இல்லை என்கிறது அடுத்தது. தேங்காய் எண்ணெய் இதயத்தை அடைக்கும், தேங்காய் எண்ணெய்தான் இதயத்தைக் காக்கும். பழத்தைச் சாப்பாட்டுக்கு முன் தின்னு, பின் தின்னு, தின்னவே தின்னாதே. விளைவை எந்த வீட்டு அடுப்படியிலும் பார்க்கலாம். அப்பாவுக்குச் சோறு வேண்டாம், சப்பாத்தி. மகளுக்குச் சப்பாத்தியும் வேண்டாம், ஓட்ஸ். மகனுக்குப் புரோட்டீன் பவுடர். பாட்டிக்கு மட்டும் பழைய சோறு, அதுவும் சர்க்கரைக்கு ஆகாது என்ற எச்சரிக்கையோடு. அடுப்பு ஒன்று, ஆலோசகர் நான்கு பேர். எல்லோருக்கும் ஆக்கிப்போட்டு அலுத்துப்போன அம்மா மிச்சத்தைச் சாப்பிட்டு எழுகிறார். ஆகவே இன்றைய வீட்டுச் சாப்பாட்டில் குறைவது தகவல் இல்லை. தகவல் அளவு மீறிப்போனதால் சாப்பாடு குடும்பத்தின் கையைவிட்டு நழுவிப்போனது. நல்ல சாப்பாட்டை மீட்க முதல் வேலை, காதில் விழும் ஆலோசனைகளைக் குறைப்பது. இரண்டாவது வேலைதான் காய்கறி.

இது வெறும் எரிச்சல் இல்லை என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2023 ஏப்ரலிலிருந்து தமிழகம் முழுவதும் ரேஷன் கடைகளில் செறிவூட்டப்பட்ட அரிசி வரத் தொடங்கியது. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் பிதுக்கி, அரிசி வடிவத்தில் வெட்டி, நூறு பங்கு சாதாரண அரிசிக்கு ஒரு பங்கு வீதம் கலந்தார்கள். அரிசி களையும்போது பாத்திரத்தை உற்றுப் பார்த்தால் இந்த மணிகளைக் கண்டுபிடித்துவிடலாம்: நிறம் சற்று மாறியிருக்கும், சில நேரம் மற்ற அரிசியெல்லாம் அடியில் தங்க இவை மட்டும் மிதக்கும். மிதப்பதைப் பார்த்த யாரோ ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று படம் பிடித்துப் போட, அது ஊர் ஊராக ஓடியது. அதிகாரிகள் மறுத்தார்கள். மறுப்பு, வதந்தியின் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடியது. வீடுகளில் அந்த மணிகளைப் பொறுக்கி வெளியே போட்டார்கள். எந்த மாநிலத்தில்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிற மாநிலத்தில். இரும்புச்சத்துள்ள அரிசி எல்லோருக்கும் பொருந்துமா, தலசீமியா நோயாளிகள் என்ன செய்வது என்று மருத்துவர்களிடையே நியாயமான விவாதம் உண்டு. வாட்ஸ்ஆப்பில் வந்தது அந்த விவாதம் இல்லை. அங்கே வந்தது பயம் மட்டும்.

மற்ற எண்களையும் பார்த்துவிடலாம். அதே குடும்பநல ஆய்வின் 2015-16 சுற்றில் தமிழகப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் உடல் எடை கூடியவர்கள். 2019-21 சுற்றில் அது 40.4. ஆண்களில் 28.2 சதவீதம் 37 ஆகியது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நீரிழிவு ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, இந்தியாவின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 சதவீதத்துக்குத் தவறான உணவுமுறையே காரணம் என்கிறது. 2022-23 குடும்பச் செலவின ஆய்வில், பானங்களும் பலகாரங்களும் பதப்படுத்திய உணவும் கிராமக் குடும்பத்தின் மாதச் செலவில் 9.62 சதவீதத்தையும் நகரக் குடும்பத்தின் செலவில் 10.64 சதவீதத்தையும் எடுத்துக்கொள்கின்றன. அரிசிக்கும் கோதுமைக்கும் ஆகும் செலவைவிட இது அதிகம். (ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைப்பதும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.) போன் வந்ததால்தான் எடை கூடியது என்று இந்த எண்களை வைத்துச் சொல்லிவிட முடியாது. உட்கார்ந்த வேலை, வருமானம், விளம்பரம், மலிந்துபோன எண்ணெய் எனக் காரணங்கள் பல. ஆனால் ஒன்றைத் தைரியமாகச் சொல்லலாம்: உணவைப் பற்றி வரலாற்றிலேயே மிக அதிகமாகப் படித்தும் கேட்டும் வந்த இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாம் நன்றாகச் சாப்பிடப் பழகிவிடவில்லை.

கேடு தகவலின் உள்ளடக்கத்தில் மட்டும் இல்லை, அது வந்து சேரும் நேரத்திலும் இருக்கிறது. சாப்பிடும்போது கவனம் வேறெங்கோ இருந்தால் அந்த வேளையிலும் கூடுதலாகச் சாப்பிடுகிறோம், அடுத்த வேளையிலும் கூடுதலாகச் சாப்பிடுகிறோம் என்று 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2013-இல் வெளியானது. சாப்பிட்டதே மனதில் பதிவதில்லை என்பதுதான் அதன் விளக்கம். என்ன தின்றோம் என்று மூளைக்கு நினைவில்லாவிட்டால் நாலு மணிக்கு அது மறுபடி கணக்குக் கேட்கும். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. உணவு உளவியல் என்றாலே நினைவுக்கு வரும் பெயராக இருந்தவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் வான்சிங்க். பெரிய தட்டு, சின்னத் தட்டு என்று அவர் சொன்னதெல்லாம் உலகம் முழுக்கச் செய்தியானது. 2018 செப்டம்பரில் அவருடைய ஆறு கட்டுரைகளை ஒரே நாளில் மருத்துவ இதழ்கள் திரும்பப் பெற்றன. பல்கலைக்கழக விசாரணையில் முறைகேடு உறுதியாகி அவர் பதவி விலகினார். ஆகவே ‘ஆய்வு சொல்கிறது’ என்று தொடங்கும் எதையும், இந்தக் கட்டுரை உட்பட, கொஞ்சம் உப்புப் பார்த்துத்தான் வாயில் போட வேண்டும். சேர்ந்து சாப்பிடும் குடும்பத்துப் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்ற ஆய்வுகளுக்கும் இது பொருந்தும். சேர்ந்து உட்கார நேரமும் வசதியும் உள்ள வீட்டில் பிள்ளைகள் வேறு காரணங்களாலும் நன்றாக இருக்கக்கூடும். ஆனால் குழந்தைகள் விஷயத்தில் தயக்கம் தேவையில்லை. இரண்டு வயது வரை திரையே கூடாது, ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-இல் சொல்லிவிட்டது. நம் வீடுகளில் பாட்டு ஓடினால்தான் குழந்தை வாய் திறக்கிறது. திறந்த வாய்க்குள் நாம் தள்ளுவது கீரையா கேசரியா என்பது அதற்குத் தெரிவதில்லை. வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை.

குற்றாலத்துக்கே திரும்புவோம். இலக்கிய ரசனையாளர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த ஊர் இது. திருநெல்வேலியில் அவர் வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடியதால் அந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்று பெயர் வந்தது. குற்றாலத்து வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கினார்கள். கம்பனின் ஒரு பாட்டை எடுத்தால் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, சுவைத்து, பொழுதையே அதில் கழிப்பது அங்கே வழக்கம். விருந்தும் பேச்சும் அங்கே தனித்தனிக் காரியங்களாக இருக்கவில்லை. அது வசதி படைத்த ஆண்களின் கூட்டம், உள்ளே அடுப்பைப் பார்த்துக்கொண்டவர்கள் வேறு என்பதும் உண்மைதான். என்றாலும் ஒரு மாலைக்கு ஒரு பாட்டு என்ற அந்த அளவில் நமக்குப் பாடம் இருக்கிறது. தகவல் சுவையாக மாற வேண்டுமானால் அளவு குறைய வேண்டும், உடன் ஆள் வேண்டும். குற்றாலத்திலிருந்து அதிக தூரமில்லாத மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனம் 2021-இல் ஒரு குறுஞ்செய்திச் செயலியை வெளியிட்டு அதற்கு ‘அரட்டை’ என்று பெயர் வைத்தது. நல்ல பெயர். ஒரு காலத்தில் அரட்டைக்குத் திண்ணையும் ஒரு சொம்புத் தண்ணீரும் போதும். இப்போது சார்ஜர் வேண்டும்.

சரி, போனைத் தள்ளி வைத்துவிட்டு எதைச் சாப்பிடுவது? தென்காசி மாவட்டத்தில் அதற்கு நிபுணரைத் தேட வேண்டியதில்லை. பாவூர்சத்திரம் சந்தையில் காலையில் இறங்கும் கத்தரிக்காய், வெண்டை, முருங்கை, சின்ன வெங்காயம் கேரளத்துக்கு லாரி ஏறுகின்றன. புளியங்குடியின் எலுமிச்சை நாடறிந்தது. தேங்காய்க்குப் பஞ்சமில்லை. இவற்றை வைத்து இந்தப் பக்கத்து வீடுகளில் செய்யும் கூட்டாஞ்சோற்றைப் பாருங்கள். அரிசியோடு துவரம்பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், அவரை, கொத்தவரங்காய், மாங்காய்க் காலமென்றால் ஒரு கீற்று மாங்காய், அரைத்துவிட்ட தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், இறக்குகிற நேரத்தில் ஒரு கை முருங்கைக்கீரை. தட்டில் பாதி காயும் கீரையும் பழமுமாக இருக்கட்டும், தானியத்திலிருந்து கிடைக்கும் ஆற்றல் 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. அதிலுள்ள அறிவுரைகள் பலவற்றைக் கூட்டாஞ்சோறு படிக்காமலே பாஸ் செய்துவிடும். அரிசியின் பங்கைக் கொஞ்சம் குறைத்துக் காயைக் கூட்டினால் இன்னும் நன்றாகத் தேறிவிடும். கறுப்பு உளுந்து போட்ட உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் இதே வகைதான். பழமையைப் புகழ்வது இங்கே நோக்கமில்லை. ஒரே பானையில் வெந்து எல்லோருக்கும் அதையே பரிமாற முடிகிற சாப்பாடு என்பதுதான் இதன் பெருமை. ஆளுக்கொரு டயட் வைத்துக்கொண்டு கூட்டாஞ்சோறு ஆக்க முடியாது.

குற்றாலத்தை ஆரோக்கியத்தின் ஊர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அருவியில் எடுத்த பசியோடு பலர் நேரே போவது பக்கத்திலுள்ள பிரானூர் பார்டர் கடைகளுக்கு. அங்கே மைதா புரோட்டாவும் கோழியும். திரும்பும் வழியில் நேந்திரங்காய் சிப்ஸ், அல்வா. ஆண்டுக்கு ஒரு முறை, பசித்து, நான்கு பேர் ஒரே மேசையில் சிரித்துக்கொண்டு தின்னும் புரோட்டாவால் யாருக்கும் கேடு வந்துவிடாது என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. இரவு பத்து மணிக்கு, போனில் ஆர்டர் செய்து, போனைப் பார்த்துக்கொண்டே, தனியாக, வாரம் மூன்று முறை தின்னும் புரோட்டா வேறு ஜாதி.

எதிர்வாதங்களுக்கு வருவோம். விழிப்புணர்வு உயிர்களைக் காக்கவில்லையா என்று கேட்பார்கள். காத்தது. உப்பைக் குறைக்கவும் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்கவும் தகவல்தான் சொல்லிக்கொடுத்தது. அருவிக்கரையிலேயே இதற்கு ஒரு கசப்பான சாட்சி உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மலைமேல் மழை என்ற ஒரு வரித் தகவல் நேரத்தில் வந்திருந்தால் என்று நினைக்காதவர்கள் இல்லை. ஆனால் அந்த ஒரு வரிக்கும் வாட்ஸ்ஆப் வெள்ளத்துக்கும் உறவு கிடையாது. எச்சரிக்கை என்பது சுருக்கமானது, பொறுப்பானவரிடமிருந்து வருவது, வேண்டிய நேரத்தில் மட்டும் ஒலிப்பது. நாள் முழுக்கச் சங்கு ஊதிக்கொண்டிருந்தால் வெள்ளம் வரும்போது யார் திரும்பிப் பார்ப்பார்கள்? உணவிலும் இதே கோளாறுதான். பொட்டலத்தின் முன்பக்கத்தில் உப்பு, சர்க்கரை, கொழுப்பு எவ்வளவு என்று சட்டென்று புரிகிற மாதிரி அச்சிடுவதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 செப்டம்பரில் ஒரு வரைவை வெளியிட்டது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு விதிக்க வேண்டிய அளவுக்கு அது இழுத்துக்கொண்டே போனது. கடையில் பிஸ்கட்டைக் கையில் எடுக்கும் நொடியில் கிடைக்க வேண்டிய தகவல் கிடைக்காது. ராத்திரி படுக்கையில் யாரும் கேட்காத நூறு தகவல் கிடைக்கும். தகவலுக்கு எதிராகப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும் என்பதே கோரிக்கை.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. எந்த வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார முடிகிறது? ஆலங்குளம், கடையம் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தால் எண்ணிக்கை குறையும் என்று பீடித்தட்டை மடியிலிருந்து இறக்காமலே நாலு வாய் போட்டுக்கொள்பவர்களிடம் குடும்ப விருந்தைப் பற்றி உபதேசம் செய்தால் சிரிப்பார்கள். கடையநல்லூரில் எத்தனையோ வீடுகளில் குடும்பத் தலைவர் வளைகுடாவில் இருக்கிறார். இரவுச் சாப்பாட்டின்போது வீடியோ அழைப்பில் அவர் முகம் தெரிவதுதான் அந்த வீட்டின் கூட்டுச் சாப்பாடு. அங்கே போனை எடுத்து வை என்றால் அப்பாவை எடுத்து வை என்று பொருள். இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது. இரண்டாவது எளிது: அழைப்பு என்பது பேச்சு, அதில் எதிரே ஒரு மனிதர் இருக்கிறார், ‘என்ன குழம்பு?’ என்று கேட்கிறார். அது பந்தியில் ஓர் இலை. மாறாக, விரலால் தள்ளத் தள்ள ஓடும் காணொலியில் எதிரே யாருமில்லை. முதலாவது கடினம். கூலியும் நேரமும் கிடைக்காமல் ஒழுங்காகச் சாப்பிடு என்பது வெறும் வாய்ச்சொல். அங்கே கேட்க வேண்டியது தினமும் மூன்று வேளை இல்லை, ஒரு வேளை. அந்த ஒரு வேளையிலும் சமைத்தவர் நின்றபடி பரிமாற மற்றவர்கள் உட்கார்ந்து தின்றால் கணக்கில் சேராது. பானையை நடுவில் வைத்து அவரவர் போட்டுக்கொள்ளலாம். ஆண்கள் கரண்டி பிடிப்பதால் குற்றாலநாதர் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. இது நடக்காத வீட்டில் பாரம்பரிய உணவு என்ற பேச்சு, பெண்ணின் தலையில் இன்னொரு சுமை என்று சொல்பவர்கள் சொல்வது முற்றிலும் சரி.

நடக்கிற காரியமா என்று கேட்டால், வேறோர் இடத்தில் தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, கூடவே காய்கறி சாம்பார். மதியம், காமராஜர் காலத்தில் தொடங்கி எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்த சாப்பாடு. வரிசையாக உட்கார்ந்து, எல்லோருக்கும் ஒரே உணவு, பக்கத்துப் பிள்ளையோடு சளசளவென்ற பேச்சு, யார் கையிலும் போன் இல்லை. கூட்டுச் சாப்பாட்டின் இலக்கணம் முழுவதையும் லட்சக்கணக்கான பிள்ளைகள் பள்ளியில் வாரத்துக்கு ஐந்து நாள் கடைப்பிடித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு திரையோடு தட்டை ஏந்துகிறார்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வைத்த பொருளாதார ஆய்வறிக்கை, மனநலத்தைப் பற்றிப் பேசும்போது அதிகம் பதப்படுத்திய உணவையும் சமூக ஊடகத்தில் போகும் நேரத்தையும் குடும்ப உறவின் நெருக்கத்தையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசியது. நிதி அமைச்சகத்தின் அறிக்கைக்கே தெரிகிற தொடர்பு நம் கூடத்தில் தெரியாமல் போவானேன்.

போனைக் கரையில் விட்டுவிட்டு அருவிக்குள் போகிற வழக்கமும் எத்தனை நாளைக்கு நீடிக்கும் என்று தெரியவில்லை. நீர் புகாத பிளாஸ்டிக் உறைகள் சந்தைக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. கழுத்தில் அதை மாட்டிக்கொண்டு, தண்ணீருக்கு அடியில் நின்றபடியே படம் எடுக்கப் பார்க்கிறார்கள். இதுவரை அருவிதான் ஜெயிக்கிறது. திரைமேல் தண்ணீர் கொட்டினால் விரல் எது, துளி எது என்று அந்தப் போனுக்குப் பிரித்தறியத் தெரியாது. கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, உறையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, மறுபடி தலையைக் கொடுக்கிறார்கள்.